வீட்டைக் குழப்பாமல் ஒரு மரதன்: கொழும்புக் குடும்பக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

மரதன் ஓடப் போகிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தினை மணித்தியாலத்தில?" நாமும் வாய்க்கு வந்த ஒரு நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். நான் முதல் தடவை "நாலரை" என்றேன். ஏன் நாலரை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு 18 கிழமைகள் அந்த நாலரையைச் சுற்றியே வீடு சுழன்றது. அலாரம் அதற்காக, இரவுச் சாப்பாடு அதற்காக, மகனின் நீச்சல் போட்டிக்கு நான் போகாமல் விட்டதும் அதற்காக. ஓட்ட நாளன்று முதல் 10 கி.மீ.யை 62 நிமிடத்தில் பறந்து முடித்தேன். 31ஆவது கிலோமீற்றரில் இரண்டு காலும் கல்லாகிவிட்டன. மிச்சத்தை நடந்தும் நொண்டியும் முடித்தபோது 5 மணி 27 நிமிடம். வீட்டு வாசலில் மாமி கேட்டார்: "உப்பிடி ஓடி எங்க பிள்ளை போகப்போறாய்?"

அடுத்த முறை வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் வீட்டு நாட்காட்டி. பிறகு அதற்குள் அடங்குகிற பயிற்சி. அந்தப் பயிற்சி உடம்பில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை. இலக்கு நேரம் எல்லாவற்றுக்கும் கடைசியில். 4 மணி 56 நிமிடம் வந்தது, வீட்டில் ஒருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்து, வேலைக்கும் போய், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு ஓடும் ஒருத்தி எழுதுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை மணித்தியாலத்தில் முடிக்கிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

தொடங்குமுன் ஒரு கேள்வி

நிற்காமல் 8 கி.மீ. மெதுவாக ஓட முடியுமா? கடந்த மூன்று மாதமாகக் கிழமைக்கு 20 முதல் 25 கி.மீ. ஓடி வருகிறீர்களா? இல்லையென்றால் இந்த வருடம் 10 கி.மீ. அல்லது 21 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். மரதன் எங்கேயும் போய்விடாது. 40 வயது தாண்டியவர்கள், சீனி, பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் இருதய நோய் இருப்பவர்கள் வைத்தியரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும். நம் குடும்பங்களில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. பெண்கள் ஹீமோகுளோபினையும் இரும்புச் சேமிப்பையும் இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது நல்லது. எனக்கு இரண்டு மாதம் நீடித்த களைப்புக்குக் காரணம் பயிற்சியில்லை, இரும்புச்சத்துக் குறைவு. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம்.

படி 1: குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்து தொடங்குங்கள்

ஓட்ட நாளில் இருந்து 18 கிழமைகளைப் பின்னோக்கி எண்ணுங்கள். ஒக்டோபர் ஓட்டமென்றால் ஜூனில் தொடங்க வேண்டும். இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்கும் நாட்காட்டியை எடுத்து, பயிற்சியை எழுதாமல், வீட்டு விசேஷங்களை மட்டும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். பிள்ளைகளின் தவணைப் பரீட்சை, புலமைப்பரிசில், உங்கள் அலுவலகத்தின் மாத முடிவு, சொந்தக்காரர் கல்யாணம், கனடாவில் இருந்து வருகிற சித்தப்பா குடும்பம் எல்லாம் வரட்டும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடியும் ஆவணியுமாக வரும். ஒக்டோபர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவருக்கு அதுதான் மிகக் கடுமையான கிழமைகள். தேருக்கு ஊருக்குப் போகாமல் இருக்க முடியுமா? முடியாது. ஆகவே அந்தக் கிழமையை முன்கூட்டியே இலகுவான கிழமையாக்கி விடுங்கள். இல்லாவிட்டால் நீண்ட ஓட்டத்தை யாழ்ப்பாணத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போகும் வீதி மேடு பள்ளம் இல்லாதது, விடிய வாகனமும் குறைவு. சோளகக் காற்று மட்டும் பக்கவாட்டில் இருந்து தள்ளும். நவராத்திரி அநேகமாகப் பயிற்சியைக் குறைக்கும் கிழமைகளில் வரும். அது நமக்குக் கிடைத்த சலுகை.

இன்னொரு சலுகையும் உண்டு, அதை வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணைகள் அறியாது: போயா. ஒவ்வொரு மாதமும் நிச்சயமாக ஒரு விடுமுறை. அது வாரநாளில் வந்தால் நீண்ட ஓட்டத்தை அன்றைக்கு வைத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுதாக வீட்டுக்குக் கொடுக்கலாம். நான் முதலில் வட்டமிடுவது போயா நாட்களைத்தான்.

சிவப்பு முடிந்த பிறகுதான் நீலப் பேனை. நீலத்தால் எழுதுவதற்கு முன் துணையோடு உட்கார்ந்து கதைக்க வேண்டும். "நான் ஓடப் போறன், நீங்கள் ஒத்துழைக்க வேணும்" என்பது பேச்சே இல்லை. நாள், நேரம், வேலை என்று பிரித்துப் பேசுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இப்படி:

"ஞாயிறு விடிய நீங்கள்தான் பிள்ளையளைப் பார்க்க வேணும்."

"எத்தினை மணி வரைக்கும்?"

"எட்டு."

"எட்டெண்டால் எட்டோ, இல்லாட்டி உம்மட எட்டோ?"

அந்தக் கேள்வி நியாயமானது. என்னுடைய எட்டு, குளித்து, தேத்தண்ணி குடித்து, காலை நீட்டி முடிக்க ஒன்பதரையாகும். பிள்ளைகளை அறநெறி வகுப்புக்கு யார் கூட்டிப்போவது? ஆகவே நாங்கள் எழுதிக்கொண்டது "வீட்டுக்குள் கால் வைக்கும் நேரம்" இல்லை, "வேலைக்குத் தயாரான நேரம்". அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் அவருடையது. எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்று நான் கேட்பதில்லை. கணக்கு இரண்டு பக்கமும் ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பன்னிரண்டாம் கிழமையில் வெடிக்கும்.

படி 2: கிழமைக்கு மூன்று ஓட்டம் போதும்

ஐந்து நாள், ஆறு நாள் என்று எழுதிய அட்டவணைகள் வேலையும் பிள்ளைகளும் உள்ளவருக்குத் தோல்வியைத்தான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. அமெரிக்காவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான மூன்று நாள் ஓட்டப் பயிற்சி முறை பிரபலமானதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஓட்டங்களும் வெவ்வேறு வேலை செய்தால் உடம்பு கற்றுக்கொள்ளும்.

செவ்வாய் 7 முதல் 8 கி.மீ. மெதுவாக. வியாழன் 9 முதல் 11 கி.மீ., அதன் நடுப்பகுதி கொஞ்சம் கஷ்டமாக. ஞாயிறு அல்லது போயா நாளில் நீண்ட ஓட்டம். இதோடு வீட்டுக்குள்ளேயே 20 நிமிடம் உடற்பயிற்சி, கிழமைக்கு இரண்டு தடவை: குந்தி எழும்புதல், ஒற்றைக் காலில் நிற்றல், படிக்கட்டில் குதிக்காலை ஏற்றி இறக்குதல், பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்தல்). இரவு பிள்ளைகள் பாடம் செய்யும் மேசைக்குப் பக்கத்திலேயே செய்யலாம். என் மகளுக்கு நேரம் பார்த்து "இன்னும் பத்து விநாடி" என்று அதட்டுவதில் தனிச் சந்தோஷம்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? முழு வசனம் பேசக்கூடிய அளவு. பேச்சு உடைந்தால் அது மெதுவான ஓட்டம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். விடிய ஐந்து மணிக்கே கொழும்பில் 25 பாகை வெப்பமும், உள்ளங்கையில் பிசுபிசுக்கும் ஈரப்பதனும் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்து விழுகிறதே ஒழிய உடம்பைக் குளிர்த்துவதில்லை. உடம்பு தன்னைக் குளிர்த்துவதற்கு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், தசைக்குக் கிடைப்பது குறையும், அதை ஈடுகட்ட இருதயம் வேகமாகத் துடிக்கும். நுவரெலியாவில் 6:45 பேஸில் இலகுவாக ஓடுகிற ஒருவர் வெள்ளவத்தையில் 7:30இல் ஓடினால் பயிற்சி பின்னடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. (பேஸ் என்பது ஒரு கிலோமீற்றருக்கு எடுக்கும் நிமிடம். எண் சிறிதானால் வேகம் கூடும். புதியவர்கள் இதில் ஒரு தடவையாவது குழம்புவார்கள்.)

வியாழன் ஓட்டத்தில் 2 கி.மீ. மெதுவாகப் போய், பிறகு 2 கி.மீ. வீதம் மூன்று துண்டுகள், இடையில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். அந்தத் துண்டுகளில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் ஒரே மூச்சில் சொல்ல முடியாத அளவு கஷ்டம் இருக்க வேண்டும். குறிப்பிட்ட பேஸ் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னும் நமக்கு இலக்கு நேரமே இல்லை.

நீண்ட ஓட்டத்தின் 18 கிழமைகள், கிலோமீற்றரில்: 14, 16, 18, 13, 20, 22, 16, 24, 18, 26, 20, 28, 18, 28, 21, 16, 12, பிறகு மரதன். ஏறி இறங்கிப் போவது வேண்டுமென்றே வைத்தது. இறங்கும் கிழமைகளில்தான் உடம்பு தேறும். சிவப்புப் பேனை நாட்களையும் அந்தக் கிழமைகளோடு பொருத்திவிடுங்கள். 26, 28, 28 வரும் நாட்களில் கடைசி 4 கி.மீ.யைச் சற்று வேகமாக ஓடிப் பாருங்கள்.

பல அட்டவணைகளில் வரும் 32 கி.மீ. ஓட்டம் இதில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஏழரை நிமிட பேஸில் 28 கி.மீ.க்கே மூன்றரை மணித்தியாலம் போய்விடும். அதற்கு மேல் கிடைக்கும் பயனைவிட, களைத்த காலோடு ஓடி வரும் காயமும், அடுத்த மூன்று நாள் வீட்டில் நாம் காட்டும் எரிச்சலும் அதிகம். மெதுவாக ஓடுகிறவர் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.

படி 3: எங்கே, எப்போது

கொழும்பில் சூரியன் வருடத்தின் காலத்தைப் பொறுத்து 5:50க்கும் 6:25க்கும் இடையில் உதிக்கிறது. 7:30க்குப் பிறகு வெயில் தோலில் ஏறும். நம்மிடம் இருக்கும் நேரம் அவ்வளவுதான். பள்ளிக்கூடம் ஏழரைக்கு, வான் ஆறரைக்கே வந்து ஹோர்ன் அடிக்கும், ஆகவே வாரநாள் ஓட்டம் 6 மணிக்குள் முடிய வேண்டும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவ்தான் வீட்டு முற்றம். வெள்ளவத்தையில் இருந்து காலிமுகத்திடல் வரை போய்த் திரும்பினால் 12, 13 கி.மீ. வரும். ரெயில் பாதைப் பக்கம் காற்று வரும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவக் காற்று உப்பைக் கொண்டுவந்து உதட்டில் பூசும். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி வெளிச்சமும் ஆட்களும் உண்டு. தனியாக ஓடும் பெண்களுக்கு இருட்டு நேரத்தில் நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். விகாரமாதேவிப் பூங்காவின் சுற்று, பத்தரமுல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தியவன்னா ஓயாக் கரை, மட்டக்குளிப் பக்கம் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா என்று எல்லாருக்கும் ஏதாவது இருக்கிறது. சும்மா வட்டமடிப்பது சலிப்புத்தான். ஆனால் நீண்ட ஓட்டத்தில் தண்ணீர்ப் போத்தலை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஓடலாம் என்பதற்காகவே நான் வட்டத்தை விரும்புகிறேன்.

வீதியில் ஓடினால் வாகனங்களுக்கு எதிர்முகமாக, அதாவது வலது பக்கம். ஒளிரும் பட்டி கட்டுங்கள். காதில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு. தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடவுங்கள். ஓடினால் அதற்கு விளையாட்டு. மழையில் ஓடலாம், இடி மின்னலில் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கமென்பதால் "வேலை முடிந்து ஓடுவேன்" என்று திட்டம் போட்டு ஏமாறாதீர்கள்.

இனி, வீட்டை எழுப்பாமல் வெளியேறுவது. இதைப் பயிற்சி அட்டவணையில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் 18 கிழமைகள் ஓடப் போகிறவருக்கு இதுதான் அத்திவாரம். உடுப்பு, மேஸ், தொப்பி, பட்டி எல்லாம் இரவே குளியலறைக் கொளுவியில் தொங்க வேண்டும். படுக்கையறை அலுமாரியின் கதவு கிரீச்சிடும், அதை விடிய 4:20க்குத் திறந்தால் சின்னவன் "அம்மா" என்பான், அத்தோடு ஓட்டம் முடிந்தது. அலாரம் சத்தமில்லாமல் கையில் அதிர வேண்டும். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்து, கதவுக்கு வெளியே படிக்கட்டில் இருந்து கட்டுங்கள். எங்கள் இரும்பு கேட்டின் கொண்டியைத் தூக்கும்போது ஒரு 'டங்' வரும். அதற்கு நான் பழைய மேஸ் ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடி மாமி இரண்டு வருடமாக அது என்னவென்று கேட்கவில்லை.

நித்திரையைக் கடன் வாங்கி ஓடக்கூடாது. 4:20க்கு எழும்ப வேண்டுமென்றால் 9:30க்குப் படுக்க வேண்டும். அதற்கு இரவுச் சாப்பாடு 7:30க்கு. தொலைக்காட்சித் தொடரில் பாதிக் கதை போய்விடும், பரவாயில்லை, அடுத்த நாளும் அதே கதைதான். இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்றைய ஓட்டத்தை விடுங்கள்.

படி 4: சாப்பாடும் தண்ணீரும்

ஒரு கிலோமீற்றர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி தேவை. 65 கிலோ உள்ளவருக்கு மரதன் முழுவதற்கும் 2,700 கலோரிக்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமிக்கக்கூடிய மாச்சத்து 1,600 முதல் 2,000 கலோரி அளவில்தான். மிச்சத்தைக் கொழுப்பு தரும், ஆனால் அது மெதுவாகத் தரும். வேகம் கூடக்கூட உடம்பு மாச்சத்தையே அதிகம் எரிக்கும். 30 கி.மீ. தாண்டிக் கால் திடீரென்று நகர மறுப்பதை ஓட்டக்காரர் 'சுவர்' என்பார்கள், அது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான்.

ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும். ஓட்டக்காரர் சின்னப் பையில் இருந்து உறிஞ்சும் சர்க்கரை ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், விலையும் கையைக் கடிக்கும். பயிற்சிக்கு நான் எடுப்பது பேரீச்சம்பழமும் பனங்கட்டித் துண்டும். பனங்கட்டி ஏறத்தாழ முழுக்கச் சர்க்கரைதான், வாயில் அடக்கினால் கரைந்துகொண்டிருக்கும். வியர்வையில் பை நனைந்தால் பிசின் மாதிரி ஒட்டும், சின்னப் பொலித்தீனில் தனித்தனியாகச் சுற்றுங்கள். எது எடுத்தாலும் 20 கி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டங்களில் வயிற்றுக்குப் பழக்கிவிடுங்கள். புதிய உணவை ஓட்ட நாளில் வாயில் வைக்க வேண்டாம்.

தண்ணீருக்கு ஒரு எளிய சோதனை: ஓடுமுன்னும், ஒரு மணித்தியாலம் ஓடி உடம்பைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. அதை முழுவதும் ஈடுகட்ட முனைய வேண்டாம், தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பதால், அந்த ஆபத்து அதிகம். நீண்ட ஓட்டத்துக்கு ஜீவனி என்ற உப்பு, சர்க்கரைத் தூளைப் பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து எடுத்துப் போகலாம். ஓட்டம் முடிந்து வரும் வழியில் ஒரு செவ்விளநீர்.

முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும், சம்பலில் உறைப்பைக் குறைத்து. விடிய இரண்டு துண்டு பாண், ஜாம், ஒரு கதலிப்பழம், பிளேன்டீ. விரதக் கிழமையென்றால் நீண்ட ஓட்டத்தை அந்த நாளில் வைக்காதீர்கள். முருகனும் கோபிக்க மாட்டார், முழங்காலும் கோபிக்காது.

படி 5: தவறிய ஓட்டம்

தவறும். மகனுக்கு 39 பாகை காய்ச்சல், அலுவலகத்தில் கணக்காய்வு, மாமிக்குப் பல்வலி. ஒரு ஓட்டம் தவறினால் அதை மறந்துவிடுங்கள். அடுத்த நாள் இரட்டிப்பாக ஓடி ஈடுகட்டுவதுதான் காயத்துக்கு நேர் வழி. ஒரு கிழமை முழுவதும் போனால், தவறவிட்ட அந்தக் கிழமையின் நீண்ட ஓட்டத்தில் இருந்து தொடருங்கள். இரண்டு கிழமை போனால் உச்ச ஓட்டங்களில் ஒன்றை வெட்டுங்கள். மூன்று கிழமைக்கு மேல் போய்விட்டால், அதுவும் கடைசி எட்டுக் கிழமைகளுக்குள் என்றால், 21 கி.மீ. ஓட்டத்துக்கு மாறக் கேட்டுப் பாருங்கள். வெட்கமில்லை. மூன்றில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற கிழமையில் காப்பாற்ற வேண்டியது நீண்ட ஓட்டம்.

டெங்கு வந்து தேறியவர்கள் வைத்தியர் சொல்லும்வரை ஓடவே கூடாது. காய்ச்சல் விட்டதும் உடம்பு நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

படி 6: இப்போதுதான் இலக்கு நேரம்

ஓட்டத்துக்கு மூன்று கிழமை முன், 15ஆவது கிழமையில், 21.1 கி.மீ.யை உண்மையான முயற்சியோடு ஓடுங்கள். ஓட்ட நாளின் அதே நேரத்தில், அதே சப்பாத்தோடு, அதே சாப்பாட்டோடு.

பீட்டர் ரீகல் என்ற பொறியியலாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரப்படி அரை மரதன் நேரத்தை 2.085ஆல் பெருக்கினால் மரதன் நேரம் கிடைக்கும். எனக்கு அரை மரதன் 2 மணி 14 நிமிடம், அதாவது 134 நிமிடம். பெருக்கினால் 279, ஏறத்தாழ 4 மணி 39 நிமிடம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்குத் தூரத்துக்குத் தேவையான பயிற்சி முழுவதும் எடுத்தவர்களுக்கு. கிழமைக்கு 45 கி.மீ. ஓடி, கொழும்பு வெயிலில் கடைசி இரண்டு மணித்தியாலத்தைக் கழிக்கப் போகிறவருக்கு இல்லை. நான் 15 முதல் 20 நிமிடம் கூட்டச் சொல்வேன். முதல் மரதனென்றால் 25. என் கணக்கு 5 மணித்தியாலத்தில் வந்து நின்றது.

இலக்கு நேரத்துக்கான பேஸ் இதோ: 4 மணித்தியாலத்துக்கு 5:41. நாலரைக்கு 6:24. ஐந்துக்கு 7:07. ஐந்தரைக்கு 7:49. ஆறுக்கு 8:32. மரதன் தூரம் 42.195 கி.மீ. என்றாலும் உங்கள் கைக்கடிகாரம் 42.4, 42.5 என்று காட்டும். வளைவுகளில் குறுக்கே ஓடாமல் ஆட்களைச் சுற்றி ஓடுவோம், ஜி.பி.எஸ்.ஸும் உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் தடுமாறும். ஆகவே கடிகாரத்தில் ஒரு கிலோமீற்றருக்கு 3 விநாடி வேகமாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒவ்வொரு வீதியோரத் தூரப் பலகையிலும் கடிகாரத்தின் பொத்தானை நீங்களே அமர்த்தி நேரத்தைப் பாருங்கள். நான் இரண்டாவதைச் செய்கிறேன்.

மிச்சமிருக்கும் இரண்டு வியாழக்கிழமைகளில் அந்த பேஸில் 5, 6 கி.மீ. ஓடிப் பழகுங்கள். இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றினால் எண் சரி.

கடைசி மூன்று கிழமைகள் தூரத்தைக் குறைக்கும் காலம். கால் துறுதுறுக்கும், இல்லாத முழங்கால் வலி எல்லாம் வரும். மிச்சமாகும் நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள், நவராத்திரிக்குக் கொலு அடுக்கவாவது உதவும்.

படி 7: ஓட்ட நாள்

2023இல் சிக்காகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 என்ற உலக சாதனை நேரத்தில் ஓடியபோது முதல் பாதிக்கு 60:48, இரண்டாம் பாதிக்கு 59:47 எடுத்தார். உலகத்திலேயே வேகமான கால் முதல் பாதியில் பொறுத்திருந்தது. நாம் ஏன் முதல் 5 கி.மீ.யில் அவசரப்படுகிறோம்? இருட்டு, கூட்டம், மேளம், குளிர்மை, மூன்று கிழமை ஓய்வெடுத்த கால். அந்த நேரத்தில் 6:20கூட நடைபோலத் தெரியும்.

முதல் 5 கி.மீ.: இலக்கைவிட 10 முதல் 15 விநாடி மெதுவாக. ஐந்து மணித்தியால ஆள் 7:20இல் ஓட வேண்டும். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். இங்கே இழப்பது மொத்தம் ஒரு நிமிடம்தான்.

5 முதல் 30 வரை: இலக்கு பேஸ், வேறெதுவும் இல்லை. ஒரு கிலோமீற்றர் வேகமாகிவிட்டால் அடுத்ததை மெதுவாக்கி ஈடுகட்ட வேண்டாம், பழைய பேஸுக்குத் திரும்பினால் போதும். 40 நிமிடத்துக்கொரு தடவை ஏதாவது சாப்பிடுங்கள், பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் மேசைகளில் நடந்து குடியுங்கள், மிச்சத்தைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றுங்கள். சூரியன் ஏறியபின் ஒரு கிலோமீற்றருக்கு 10 விநாடி தானாகக் கூடினால் சண்டை பிடிக்காதீர்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், வியர்வை நிற்பது, பேச்சுத் தடுமாறுவது ஏதாவது வந்தால் ஓட்டம் அத்தோடு முடிந்தது, உடனே முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள்.

30க்குப் பிறகு: இங்கே கடிகாரத்தைவிட மூச்சு முக்கியம். கால் இருந்தால் கொஞ்சம் கூட்டலாம், இல்லையென்றால் முன்கூட்டியே திட்டமிட்டு நடக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் காலவே ஓடி நடக்கும் முறையைத் தொடக்கத்தில் இருந்தே கைக்கொள்ளச் சொன்னவர். உதாரணமாக நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் போகிறவர்களுக்கு அது சாமர்த்தியமான வழி. முடியாமல் நடப்பதும் திட்டமிட்டு நடப்பதும் வேறு வேறு. முன்னதைச் செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

இரண்டாம் தடவை எனக்கு முதல் பாதி 2:29, இரண்டாம் பாதி 2:27.

குடும்பம் எங்கே நிற்பது? பிள்ளைகளை ஐந்து மணித்தியாலம் வெயிலில் வைத்திருப்பது பாவம். தொடங்கும் இடத்துக்கு வரவே வேண்டாம், தூங்கட்டும். 30க்கும் 34க்கும் இடையில் வீதியோரத்தில் நிழலும், பக்கத்தில் கழிப்பறையுள்ள ஒரு கடையும் இருக்கிற இடமாகப் பார்த்து, நீங்கள் வரும் உத்தேச நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்னே வந்தால் போதும். வீதிகள் மூடியிருக்கும், ஓட்டோ எந்தப் பக்கத்தால் வரும் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். அந்த இடத்தில் நிற்காமல் கையைத் தட்டிவிட்டுப் போங்கள். நின்றால் திரும்ப ஓடத் தொடங்குவது கஷ்டம். சின்னவன் என்னைக் கண்டதும் கேட்டது, "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்று. பையில் மிச்சமிருந்த பனங்கட்டித் துண்டைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

படி 8: அடுத்த இரண்டு கிழமைகள்

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். உப்பும் சோறும் தண்ணீரும் உடம்புக்கு வேண்டும். அன்று பின்னேரம் படி இறங்கும்போது பின்பக்கமாக இறங்கினால் தொடை அவ்வளவு கத்தாது, பிள்ளைகளுக்கும் நல்ல வேடிக்கை. முதல் கிழமை ஓட்டம் இல்லை, நடை மட்டும். இரண்டாம் கிழமையில் விருப்பமிருந்தால் இரண்டு மூன்று மெல்லோட்டங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் பேச்சை அதுவரை வீட்டில் எடுக்காதீர்கள். கையில் கைபேசி இருந்தாலும் பதிவுப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு முழுவதும் துணையுடையது. தேத்தண்ணி நீங்கள் போட வேண்டும், அறநெறி வகுப்புக்கு நீங்கள் கூட்டிப்போக வேண்டும், சந்தைக்கும் நீங்கள்தான். முக்கியமாக, சனி இரவே 4:20 அலாரத்தை அணைத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம், இவர்தான் எழும்பி என் கையைத் தேடிப் பிடித்து அணைத்தாராம்.